கறுப்புத் திரையில் கலர் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் டெர்மினலைத் திறந்து, எல்எஸ் என்று தட்டி, ஒரு கோப்புறைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே கேள்வி: பெயர்கள் ஏன் கலர் கலராக வருகின்றன? இந்த இதழ் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை வழக்கம்போல் உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவேன்.

அண்ணாச்சி, எங்கள் கல்லூரி லேபில் உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறார்கள். எல்எஸ் கொடுத்தால் சில பெயர் நீலம், சில பச்சை, சில சிவப்பு. சிவப்பு என்றால் வைரஸா? லேபில் கேட்டதற்கு, சும்மா அழகுக்கு என்றார்கள். – முதலாமாண்டு மாணவர், திருநெல்வேலி

வைரஸ் எதுவும் இல்லை தம்பி, பயம் வேண்டாம். ஆனால் அழகுக்கு என்று சொன்னதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு நிறமும் அந்தப் பெயரைப் பற்றி எல்எஸ் உங்களிடம் சொல்லும் ஒரு சேதி.

யாரும் கைவைக்காத உபுண்டுவில் தடித்த நீலம் என்றால் கோப்புறை. டெர்மினலின் சாதாரண எழுத்து நிறத்திலேயே வந்தால் சாதாரணக் கோப்பு: கடிதம், குறிப்பு, நீங்கள் எழுதும் சி நிரல். பச்சை என்றால் இயக்கக்கூடியது. சி நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி-க்குக் கொடுத்ததும் ஏ.அவுட் என்று ஒன்று முளைக்குமே, அது பச்சையாகத்தான் முளைக்கும். அடுத்த வகுப்பில் பாருங்கள். வெளிர்நீலம், எங்கள் அச்சகப் பேச்சில் சயான், வேறோர் இடத்தைக் கைகாட்டும் சிம்லிங்க். /டெவ் என்ற கோப்புறைக்குள் போனால் கறுப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்தாக வரிசை கட்டி நிற்பவை வன்வட்டு, டெர்மினல் போன்ற சாதனங்கள். உங்களைப் பயமுறுத்திய சிவப்பு, ஜிப், டார் என்று கட்டி வைத்த மூட்டைகள். படங்கள் மெஜந்தா. பாட்டுக் கோப்புகள் தடிப்பில்லாத சயான்.

இவ்வளவும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது வேறு. இந்த நிறங்களில் இரண்டு தரம் உண்டு. ஒன்று கண்ட சாட்சி, இன்னொன்று கேட்ட சாட்சி.

கோப்புறையா, சிம்லிங்கா, சாதனமா, இயக்க அனுமதி உண்டா என்பதையெல்லாம் எல்எஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் விசாரித்து, அது சொன்ன பதிலை வைத்து நிறம் பூசுகிறது. அது கண்ட சாட்சி, நம்பலாம். மூட்டை, படம், பாட்டு என்பவற்றை அப்படி விசாரிப்பதில்லை. கோப்பைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பெயரின் வாலில் ஜிப் என்று இருந்தால் சிவப்பு, ஜேபிஜி என்று இருந்தால் மெஜந்தா, அவ்வளவுதான். இது கேட்ட சாட்சி.

நம்பாவிட்டால் இப்போதே செய்து பாருங்கள். டச் என்ற கட்டளைக்குச் சோதனை.ஜிப் என்று ஒரு பெயர் கொடுங்கள். ஒன்றுமே இல்லாத, 0 பைட் கோப்பு ஒன்று உருவாகும். எல்எஸ் கொடுத்தால் அது மூட்டை மாதிரியே சிவப்பாக நிற்கும். இப்போது ஃபைல் என்ற கட்டளைக்கு அதே பெயரைக் கொடுங்கள். அந்தக் கட்டளை உள்ளே திறந்து பார்த்து, காலி என்று சொல்லிவிடும். அடுத்து சிஎச்மாட் +எக்ஸ் போட்டு அதற்கு இயக்க அனுமதி கொடுங்கள். மறுபடி எல்எஸ். சிவப்பு போய்ப் பச்சை வந்திருக்கும். பெயரில் இன்னும் ஜிப் இருக்கிறது, ஆனால் கண்ட சாட்சி வந்ததும் கேட்ட சாட்சி விலகிவிட்டது. எல்எஸ்-க்குள் முறையே அதுதான்: வேறு எந்த அடையாளமும் இல்லாத சாதாரணக் கோப்பு என்றால் மட்டும்தான் பெயரின் வாலைப் பார்க்கும்.

அதனால் யாராவது அனுப்பிய கோப்பு படத்தின் பெயரோடு வந்து, மெஜந்தாவாக இல்லாமல் பச்சையாக நின்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதற்கு ஏன் இயக்க அனுமதி வந்தது என்று கேளுங்கள். பல நேரம் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும், விண்டோஸ் வட்டிலிருந்து வந்திருக்கும். ஆனாலும் கேளுங்கள்.

அண்ணா, எங்கள் ஆபீஸ் சிஸ்டத்தில் ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் வெளிர்நீலத்தில் இருக்கிறது. உள்ளே போனால் மற்ற ஃபோல்டர் போலவேதான் இருக்கிறது. இடம் போதவில்லை, அதை அழித்துவிடலாமா? – டிடிபி வேலை செய்யும் வாசகி, ஈரோடு

அம்மா, தயவுசெய்து இதைப் படித்து முடிக்கும்வரை கைவைக்காதீர்கள்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பல வருடம் சர்வர் பார்த்தவன். தினசரிக் காலண்டர்தான் அங்கே பெரிய வேலை. 2009-ல் சர்வரின் முதல் வட்டு நிரம்பிவிட்டது. சாமி படங்களெல்லாம் இருந்த கோப்புறையை அப்படியே இரண்டாவது வட்டுக்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு சிம்லிங்க் வைத்தேன். டிசைன் செய்கிறவர்கள் யாருக்கும் மாற்றமே தெரியவில்லை. பழைய பாதையிலேயே போனார்கள், படங்கள் கிடைத்தன. பட்டியலில் மட்டும் அந்தப் பெயர் நீலத்திலிருந்து சயானுக்கு மாறியிருந்தது.

எங்கள் ஊரில் புதுக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்று வெளியாகும். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது வட்டில் இடம் குறைகிறது என்று வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி சுத்தம் செய்ய உட்கார்ந்தான். ஒரே படங்கள் இரண்டு இடத்தில் இருப்பதாக அவனுக்குத் தெரிந்தது. ஒன்று நகல் என்று நினைத்து, சயான் நிறத்தில் இருந்ததற்குள் போய், உள்ளே இருந்த அத்தனையையும் ஆர்எம் கொடுத்து அழித்தான். நகல் என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டு வாசல், ஒரே அறை. முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, எல்லாம் போய்விட்டது.

பேக்கப் இருக்கிறதே என்று வெள்ளிக்கிழமை எடுத்த டார் மூட்டையைப் பிரித்தேன். அதில் படங்களுக்குப் பதில் சிம்லிங்க் மட்டும் இருந்தது. டார் சிம்லிங்கைப் பார்த்தால் அதைச் சிம்லிங்காகவே கட்டும், அது காட்டும் இடத்துக்குப் போய் உள்ளிருப்பதை எடுத்து வராது. எடுத்து வர வேண்டுமென்றால் -எச் சேர்த்துச் சொல்ல வேண்டும், நான் சொல்லவில்லை. சில மாதங்களாகப் பேக்கப் சீக்கிரம் முடிகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வேறு இருந்திருக்கிறேன். ஏன் சீக்கிரம் முடிகிறது என்று கேட்கவில்லை.

அந்தத் தம்பியை முதலாளி வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார். நான் விடவில்லை. அவனுக்கு சயான் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவன் நான். படங்களின் மூல ஃபிலிமான பழைய டிரான்ஸ்பரன்சிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒன்பது ராத்திரி இரண்டு பேரும் ஸ்கேன் செய்தோம். சில படங்களுக்கு மூலமே கிடைக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்எஸ் -எல் கொடுங்கள். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் அதற்கப்பால் உண்மையான இடமும் தெரியும். சிம்லிங்கை மட்டும் எடுப்பதால் உங்களுக்கு இடம் மிச்சமாகாது, அது சில பைட்டுகள்தான். அப்படியும் எடுக்க வேண்டுமென்றால், வெளியே இருந்தபடி ஆர்எம் என்று தட்டி அந்தப் பெயரோடு நிறுத்துங்கள். பெயருக்குப் பின்னால் சாய்கோடு போடாதீர்கள். அப்போது கைகாட்டி மட்டும் போகும், அறை அப்படியே இருக்கும். உள்ளே நுழைந்து எதையாவது அழித்தால் போவது அசல்.

உங்கள் ஆபீஸ் பேக்கப்பை யார் எடுக்கிறார்களோ அவரிடம், இந்த சயான் கோப்புறையின் உள்ளிருப்பு மூட்டைக்குள் வருகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

சார், விண்டோஸிலேயே லினக்ஸ் ஓட்டலாம் என்று டபிள்யூஎஸ்எல் போட்டேன். சி டிரைவுக்குள் போய் எல்எஸ் கொடுத்தால் எல்லா ஃபோல்டரும் பச்சைப் பட்டையில் நீல எழுத்து. கண் வலிக்கிறது, படிக்கவே முடியவில்லை. – ஐடிஐ பயிற்றுநர், ஓசூர்

பலருக்கும் இதுதான் முதல் அனுபவம். அந்தப் பச்சைப் பட்டை கண்ணைக் குத்த வேண்டும் என்றே வைத்தது. அதன் பொருள்: இந்தக் கோப்புறைக்குள் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம். பல பேர் பயன்படுத்தும் லினக்ஸ் கணினியில் அது பெரிய விஷயம், அதனால்தான் அப்படி ஒரு பட்டை.

உங்கள் கணினியில் நடந்தது வேறு. விண்டோஸ் அனுமதிகளைக் காக்கும் முறை வேறு, லினக்ஸ் முறை வேறு. சி டிரைவை லினக்ஸ் பக்கத்துக்குக் காட்டும்போது, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், டபிள்யூஎஸ்எல் எல்லாக் கோப்புக்கும் 777 என்ற அனுமதியைச் சொல்லிவிடுகிறது. எல்லாருக்கும் படிக்க, எழுத, இயக்க என்று பொருள். அதனால் கோப்புறைகளுக்குப் பச்சைப் பட்டை, உங்கள் குடும்பப் படங்களும் எக்செல் கணக்குகளும்கூடப் பச்சை எழுத்து. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வட்டை லினக்ஸில் மாட்டினாலும் பெரும்பாலும் இதே காட்சிதான்.

சரிசெய்ய, லினக்ஸ் பக்கத்தில் /இடிசி கோப்புறைக்குள் டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் என்ற கோப்பில், சதுர அடைப்புக்குள் ஆட்டோமவுண்ட் என்று ஒரு தலைப்பு போட்டு, அதன்கீழ் ஆப்ஷன்ஸ் என்ற வரியில், மேற்கோள் குறிகளுக்குள் மெட்டாடேட்டா, யுமாஸ்க்=22, எஃப்மாஸ்க்=111 என்ற மூன்றையும் காற்புள்ளியிட்டு எழுதுங்கள். பிறகு விண்டோஸ் பக்கத்தில் டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன் கொடுத்துவிட்டு மறுபடி திறங்கள். கோப்புறைகள் சாதாரண நீலத்துக்கும், படங்கள் மெஜந்தாவுக்கும் வந்துவிடும்.

நிறத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். அதை நான் விரும்பவில்லை. உங்கள் சொந்த லினக்ஸ் வட்டில் ஒரு கோப்புறை பச்சைப் பட்டையோடு வந்தால், யாரோ சிஎச்மாட் 777 போட்டிருக்கிறார்கள் என்று பொருள். "பர்மிஷன் டினைடு வருகிறது, 777 போடு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் நம் லேப்களில் நிறைய இருக்கிறது. பட்டையை அமுக்கிவிட்டால் அது நடந்ததே தெரியாது. பயிற்றுநர் நீங்கள், மாணவர்களுக்கு இதைக் காட்டியே பாடம் நடத்தலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. /டிஎம்பி என்ற கோப்புறை பச்சைப் பட்டையில் கறுப்பு எழுத்தாக இருக்கும். அங்கே எல்லாரும் எழுதலாம், ஆனால் ஒருவர் வைத்ததை இன்னொரு சாதாரணப் பயனர் அழிக்க முடியாது. எல்எஸ் -எல் பட்டியலில் அதன் அனுமதி வரிசை டி என்ற எழுத்தில், டிஎம்பி-யின் முதலில் வரும் அதே டி-யில், முடிவது அதற்குத்தான். அதை அப்படியே விடுங்கள்.

அண்ணா, ஒரு ஃபோல்டரில் உள்ள 400 பில்களின் பெயரை எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்கு எடுத்தேன். திறந்து பார்த்தால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் சதுர அடைப்பு, 01;31 என்று ஏதேதோ எண்கள். பெயர்கள் கெட்டுப்போய்விட்டனவா? – கணக்கர், கோயம்புத்தூர்

பெயர்கள் கெடவில்லை. நீங்கள் பார்த்தது நிறத்தின் எழுத்து வடிவம்.

டெர்மினலுக்கு மை கிடையாது, எழுத்துகள் மட்டும்தான் போகும். அதனால் நிறத்தையும் எழுத்தாகவே அனுப்ப வேண்டியிருக்கிறது. எஸ்கேப் என்ற ஒரு மறை எழுத்து, ஒரு சதுர அடைப்பு, சில எண்கள், கடைசியில் எம். இதைக் கண்டதும் டெர்மினல் அதை அச்சிடாமல் விழுங்கிவிட்டு நிறத்தை மாற்றிக்கொள்ளும். நோட்பேடுக்கு அது தெரியாது, அப்படியே காட்டிவிடும். உங்கள் கோப்பில் இருக்கும் 01 தடிப்பு, 31 சிவப்பு. பில்களை ஜிப் மூட்டையாக வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

இந்த எண்களில் ஒரு நேர்த்தி இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. சிவப்புக்கு 1, பச்சைக்கு 2, நீலத்துக்கு 4. எழுத்து நிறம் என்றால் 30-ஐக் கூட்டு, பின்னணி என்றால் 40-ஐக் கூட்டு. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் கலந்தால் மஞ்சள்: 1-ம் 2-ம் 3, ஆக மஞ்சள் 33. சிவப்பும் நீலமும் மெஜந்தா: 35. பச்சையும் நீலமும் சயான்: 36. மூன்றும் சேர்ந்தால் வெள்ளை, 37. எதுவும் இல்லாவிட்டால் கறுப்பு, 30. அச்சகத்தில் சயான், மெஜந்தா, மஞ்சள் மைகளைக் கலந்து சிவப்பும் பச்சையும் எடுப்போம். இங்கே அது அப்படியே தலைகீழாக ஒளியில் நடக்கிறது. முதன்முதலில் இதைப் புரிந்துகொண்ட ராத்திரி, மெஷின் ஓடி முடிந்தும் நான் வீட்டுக்குப் போகாமல் ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் குறிகள் உங்கள் கோப்புக்குள் எப்படி வந்தன? சாதாரணமாக வரக் கூடாது. உபுண்டுவில் எல்எஸ் என்று தட்டினால், உள்ளுக்குள் எல்எஸ் --கலர்=ஆட்டோ என்று ஓடும்படி அலியாஸ், அதாவது மாற்றுப்பெயர், வைத்திருப்பார்கள். ஆட்டோ என்றால், எதிரில் இருப்பது டெர்மினலா என்று பார்த்து, ஆம் என்றால் மட்டும் நிறம் அனுப்பும். கோப்புக்கோ இன்னொரு கட்டளைக்கோ போகிறது என்றால் வெறும் பெயர். உங்கள் கணினியில் யாரோ ஆட்டோவை ஆல்வேஸ் என்று மாற்றியிருக்கிறார்கள். டைப் எல்எஸ் என்று தட்டிப் பாருங்கள், அலியாஸ் என்னவென்று காட்டும். அதை ஆட்டோவாக்கி, பட்டியலை மறுபடி எடுங்கள். அவசரத்துக்கு எல்எஸ்-க்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டுத் தட்டினாலும் போதும், அலியாஸைத் தாண்டிப் போய்விடும். கலர் என்பதை அமெரிக்க முறையில் யு இல்லாமல் எழுத வேண்டும். நம் பள்ளிக்கூட ஸ்பெல்லிங்கில் எழுதினால் ஏற்காது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உங்கள் தொழில். அந்தப் பட்டியலை ஒரு ஸ்கிரிப்டுக்குக் கொடுத்து பில்களை வேறிடத்துக்கு நகர்த்தச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு பெயருக்கும் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லியிருக்கும். திரையில் அந்தப் பெயரைக் காட்டும்போது மறை எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாது. பெயர் சரியாகத்தானே இருக்கிறது என்று நாள் முழுக்கத் தேடியிருப்பீர்கள்.

எனக்குப் பிறவியிலேயே சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் "அந்தப் பச்சை ஃபைல் சார்" என்றால் எனக்குப் புரிவதில்லை. சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. – ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

ஐயா, கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. நிறத்தை மட்டும் நம்பி அமைத்த ஏற்பாடுதான் குறையுள்ளது. எங்கள் அச்சகத்தில் நாற்பது வருடம் மெஷின் ஓட்டிய ஒரு பெரியவருக்கும் உங்களைப் போலத்தான். மை டப்பாவில் பெயர் எழுதிவைத்து, மையின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டர் எண்ணைப் படித்து, எல்லாரையும்விட ஒழுங்காக அச்சடித்தார்.

உங்களுக்கும் பெயர் எழுதிய டப்பா உண்டு. எல்எஸ் -எஃப், இதில் எஃப் மட்டும் பெரிய எழுத்து. கோப்புறைப் பெயருக்குப் பின்னால் சாய்கோடு, இயக்கக்கூடியதற்கு நட்சத்திரம், சிம்லிங்குக்கு மின்னஞ்சலில் வரும் அட் குறி, நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழிகளான பைப்புக்கு ஒரு செங்குத்துக் கோடு, சாக்கெட்டுக்குச் சமக்குறி வந்துவிடும். இதில் இருப்பவை எல்லாம் கண்ட சாட்சிகள் மட்டுமே என்பதையும் கவனியுங்கள். ஜிப், ஜேபிஜி என்ற வாலைப் பார்த்து இது எதையும் சொல்வதில்லை. அதனால் நிறம் நன்றாகத் தெரிகிறவர்களையும் இதையே பழகச் சொல்கிறேன். எல்எஸ் -எல் கொடுத்தால் வரும் வரியின் முதல் எழுத்தும் அப்படித்தான்: டைரக்டரியின் டி கோப்புறை, எல் சிம்லிங்க், பிளாக்கின் பி-யும் கேரக்டரின் சி-யும் சாதனங்கள், வெறும் சிறுகோடு சாதாரணக் கோப்பு.

நிறங்களையும் உங்களுக்கேற்ப மாற்றலாம். டிர்கலர்ஸ் -பி (பிரிண்ட் என்பதன் பி) என்ற கட்டளை முழு நிறப் பட்டியலையும் விளக்கத்தோடு கொட்டும். அதை உங்கள் ஹோம் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் டிர்கலர்ஸ் என்ற பெயரில் சேமியுங்கள். அந்தக் கோப்பு இருந்தால் உபுண்டு அதையே எடுத்துக்கொள்ளும். அதற்குள் எக்ஸெக் என்று தொடங்கும் வரியில் 01;32 இருக்கும், அதை 01;04;33 ஆக்குங்கள். 04 அடிக்கோடு. பச்சையும் சிவப்பும் உங்களுக்கு ஒன்றாகத் தெரியலாம், அடிக்கோடு எல்லாருக்கும் தெரியும். உடைந்த சிம்லிங்குக்கான ஆர்ஃபன் என்ற வரிக்கு 07 போடுங்கள், எழுத்தும் பின்னணியும் இடம் மாறி நிற்கும். கோப்பைச் சேமித்துவிட்டுப் புது டெர்மினல் திறந்தால் மாற்றம் வந்திருக்கும்.

நீலம் கறுப்பில் அமுங்கிப்போகிறது என்று வேறு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களும் இதே கோப்பில் டிர் என்ற வரியில் 01;34-ஐ 01;33 அல்லது 01;36 ஆக்கிப் பார்க்கலாம். 36 வைத்தால் சிம்லிங்கோடு கலந்துவிடும், அதனால் என் ஓட்டு 33-க்கு. விண்டோஸ் கன்சோலிலும் நெடுங்காலம் இதே தொல்லை இருந்தது. 2017-ல்தான் அந்த அடர்நீலத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினார்கள்.

மேக்கில் நிறங்கள் வேறு மாதிரி இருக்கின்றனவே? – சென்னை வாசகர்

ஆம், அது பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் கிளையின் வழி வந்த வேறொரு எல்எஸ். அங்கே -ஜி, பெரிய எழுத்து, கொடுத்தால் நிறம் வரும். கோப்புறை அங்கேயும் நீலம். ஆனால் சிம்லிங்க் மெஜந்தா, இயக்கக்கூடியது சிவப்பு. ஜிப்புக்கும் படத்துக்கும் நிறமே இல்லை, அதாவது கேட்ட சாட்சியை அது கூப்பிடுவதே இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. இரண்டிலும் வேலை செய்கிறவர்கள் சிவப்பைப் பார்த்ததும் எந்தக் கணினி முன் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

/யுஎஸ்ஆர்/பின் கோப்புறையில் பாஸ்வேர்டு மாற்றும் கட்டளை, சுடோ போன்ற சில மட்டும் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. யாராவது ஹேக் செய்திருக்கிறார்களா? – பாலிடெக்னிக் மாணவி, சேலம்

இல்லை அம்மா, அவை அப்படித்தான் இருக்க வேண்டும். யார் இயக்கினாலும் அவை உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும், உரிமையாளர் கணினியின் முழு அதிகாரம் கொண்ட ரூட். உங்கள் கடவுச்சொல்லை மாற்ற, நீங்கள் தொட முடியாத ஒரு கோப்பை அந்த நிரல் தொட வேண்டியிருக்கிறது. அதற்காகக் கொடுத்த தனி அதிகாரம் அது, எச்சரிக்கையாகத்தான் சிவப்புப் பட்டை. அந்தக் கோப்புறையில் இருப்பது முறை. உங்கள் ஹோம் கோப்புறையிலோ /டிஎம்பி-யிலோ ஒரு கோப்பு சிவப்புப் பட்டையோடு நின்றால், உடனே லேப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

இந்த நிறங்களை யார் கொண்டுவந்தது? – வாசகர், காரைக்குடி

எல்எஸ் பழையது. 1971 நவம்பரில் பெல் லேப்ஸ் வெளியிட்ட, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இருக்கிறது. அப்போது அது டெலிடைப் மெஷினில் காகிதத்தில் அச்சாகும், நிறத்துக்கு வழியில்லை. முன்சொன்ன எஸ்கேப் குறிகள் 1976-ல் ஈசிஎம்ஏ-48 என்ற தரமாகவும், 1979-ல் அமெரிக்கத் தரமாகவும் வந்தன. லினக்ஸில் நாம் பயன்படுத்தும் க்னூ எல்எஸ்-ஐ எழுதியவர்கள் ரிச்சர்ட் ஸ்டால்மனும் டேவிட் மெக்கன்சியும். கிரெக் லீ என்பவர் செய்த திருத்தங்களை அடிப்படையாக வைத்து, பீட்டர் ஆன்வினும் டென்னிஸ் ஃப்ளாஹெர்ட்டியும் அதற்கு நிறம் சேர்த்தார்கள். டிர்கலர்ஸை எழுதியவரும் ஆன்வின்தான். எல்எஸ்-இன் மூலநிரலைத் திறந்தால் நிறம் சேர்த்த மூவரின் பெயரும் தொடக்கத்திலேயே இருக்கும்.

சிவப்பு ஜிப் என்றீர்கள். என் கணினியில் ஜிப் இல்லாத இரண்டு பெயர்களும் சிவப்பாக இருக்கின்றன. திறந்தால் அப்படி ஒன்று இல்லை என்கிறது. – வாசகர், நாகர்கோவில்

அவை உடைந்த சிம்லிங்குகள். கைகாட்டி நிற்கிறது, அது காட்டும் இடத்தில் ஒன்றும் இல்லை. கறுப்புப் பட்டையில் தடித்த சிவப்பு அவற்றின் நிறம். மூட்டைக்கும் தடித்த சிவப்புதான், பட்டை மட்டும் கிடையாது. உபுண்டுவின் கத்தரிப்பூ நிறப் பின்னணியில் கறுப்புப் பட்டை தெரிந்துவிடும். உங்களைப் போல டெர்மினலைக் கன்னங்கறுப்பாக வைத்திருந்தால் பட்டை பின்னணியோடு கலந்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும். நாம் எல்லாரும் நன்றாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளும் கறுப்புத் திரையில் இது உண்மையான குறைதான். ஆசிரியருக்குச் சொன்னபடி ஆர்ஃபன் வரியை 07 ஆக்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை உடைந்திருக்கின்றன என்று அறிய, ஃபைண்ட், ஒரு புள்ளி, -எக்ஸ்டைப், எல் என்று இடைவெளி விட்டுத் தட்டுங்கள். இருக்கும் கோப்புறையிலும் அதன் உள்ளேயும் உள்ள உடைந்த சிம்லிங்குகள் மட்டும் வரும். வந்ததும் அழித்துவிடாதீர்கள். வெளி வட்டு ஒன்றை மாட்டாமல் விட்டிருந்தாலும் அதைக் காட்டும் சிம்லிங்க் சிவப்பாகிவிடும். வட்டை மாட்டிவிட்டு மறுபடி எல்எஸ் கொடுங்கள், சயானுக்குத் திரும்பிவிடும்.